ரப்பர் பாலில் ஒட்டிய கார்டுகள் குறித்து மச்சானுக்கு ஒரு விளக்கம்

லாபு,
டிசம்பர், வியாழக்கிழமை காலை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் மார்கஸ் அவர்களுக்கு, லாபு ஆம்புரோஸ் வணங்கி எழுதிக்கொள்வது.

முதலில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டு, பதிலைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே மற்றதைத் தொடங்குவதுதான் முறை. கடிதத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே குறைந்திருக்கிறது என்று நானே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். குறையவில்லை என்றால் இந்த வரியைப் பொறுத்துக்கொண்டு, கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். இங்கே நான் சுகம். மழை வருவதை வானத்துக்கு முன்பே என் முழங்கால் சொல்லிவிடுகிறது. அதைத் தவிர உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்களை ஃபோனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் எழுதினேன், நீங்கள் படித்ததாக நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு மயிலம்மாள்தான் நேற்று என்னைக் கூப்பிட்டு, "மார்கஸ் அண்ணன் இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுப் படி ஏறமாட்டாராம் லா. சொல்லிடச் சொன்னாரு" என்றார். மச்சான், உங்கள் தங்கை பிலோமினா போனதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் நாள் நீங்கள் பெடாஸிலிருந்து சேவலோடு வந்து இறங்குவீர்கள். மறுநாள் பூசை முடிந்ததும் நாம் இருவரும் அவள் கல்லறைக்குப் போய் நிற்போம். நீங்கள் ஜெபம் சொல்வீர்கள், நான் பூவை நேராக வைப்பேன். இந்த வருஷம் நான் மட்டும் போய் நின்றால், "அண்ணன் எங்கே?" என்று அவள் கேட்பாளே, அதற்கு நான் என்ன சொல்வேன்? அவளிடம் உயிரோடு இருந்தபோதே என்னால் ஒரு காரணத்தை ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை.

ஆகவே எழுதுகிறேன். வாழ்நாள் எல்லாம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், சொல்ல வருவதை எண் போட்டு முன்னால் வைத்துவிட்டால்தான் எனக்குக் கை ஓடும். நடுவில் நான் தடம் மாறினாலும் நீங்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டு வரலாம்.

1. கார்டு செய்யும் வகுப்புக்கு நான் போன காரணம்.
2. என் கன்னத்தில் தங்கத் தூள் வந்த விதம்.
3. செரம்பான் சந்தையில் எழுந்த நாற்றத்துக்கு நானே பொறுப்பு என்பது.
4. மிஸ்ஸி எல்சியையும் என்னையும் சேர்த்து மயிலம்மாள் சொன்னதில் உண்மை ஒன்றும் இல்லை என்பது.
5. வழக்கம்போல் நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டும் என்பது.

இனி ஒவ்வொன்றாக.

ஒன்று. சிற்றாலயக் குழு கூடிய அன்று நல்ல மழை. செரம்பான் பெரிய கோயிலில் சந்தை வைக்கிறார்கள், ஒவ்வொரு சிற்றாலயமும் கையால் செய்த ஏதாவது ஒன்றோடு மேசை போட வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். கேக்கை செரம்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், முறுக்கை நீலாய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், லாபுக்கு என்ன மிச்சம் என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரும் கூரையிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மிஸ்ஸி எல்சிதான் வாயைத் திறந்தார். அவரை உங்களுக்குத் தெரியும். நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கடைசிவரை மிஸ்ஸியாக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒரு தடவை உங்களுக்கும் ஊசி போட்டிருக்கிறார், நீங்கள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த பாதிப் பேர் எழுந்து போனதாகச் சொல்வார்கள். அவர் சொன்னார்: "கிறிஸ்துமஸ் கார்டு செய்வோம். நீலாய்ல நஸ்ருதீன் பாய் மகள் நூருல் சொல்லிக் குடுக்குது. கிராணியார் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அவரும் வரட்டும்." என்னால் முடியாது என்று சொல்வதற்காகத்தான் மச்சான் நான் எழுந்தேன். எழுந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அப்படியே குறிப்பிலும் ஏறிவிட்டது. ஏற்றியவனும் நான்தான், நான்தானே செயலாளர்.

மழைக்காலம், என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள், மிஸ்ஸியிடம் கார். ஆகவே சனிக்கிழமைதோறும் அவருடைய காரில் போனோம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. முதல் வாரம் நான் பின் சீட்டில்தான் உட்கார்ந்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். பாதித் தூரம் போனதும் மிஸ்ஸி வண்டியை ஓரமாக நிறுத்தி, "நான் என்னா டாக்ஸிக்காரியா? முன்னால வாங்க லா" என்றார். அன்றிலிருந்து முன் சீட்டு.

வகுப்பு நஸ்ருதீன் பாய் சாப்பாட்டுக் கடையின் மாடியில். கீழே ரொட்டி தட்டுகிற சத்தம், மேலே நாங்கள். நூருலுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பொறுமை. எல்லோருக்கும் ரோஜாப்பூ முத்திரை செதுக்கிய ஒரு சாப்பு கொடுத்து, மையில் ஒற்றி அட்டையில் வைக்கச் சொன்னது. சாப்பு அடிப்பது எனக்குப் புதிதா மச்சான்? ஆள் பேர் போடும் செக்ரோல், பட்டுவாடா, லீவுத் தாள் என்று எத்தனை வருஷம் அடித்த கை! ஓங்கி ஒரு அடி வைத்தேன். மேசையில் இருந்த மைத் திண்டுகள் எல்லாம் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தன. பக்கத்துப் பெண் வரைந்துகொண்டிருந்த தேவதைக்கு மீசை வந்துவிட்டது. நஸ்ருதீன் பாய் மாவுக் கையோடு மாடி ஏறி வந்து, "என்னா நூருல், அலமாரி விழுந்துருச்சா?" என்று கேட்டார். "இல்ல அத்தா, கிராணி அங்கிள் ரோஜா அடிச்சாரு" என்றது நூருல். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கிள், இது பூ லா. பாஸ்போர்ட் இல்ல. வைங்க, மெதுவா அமுக்குங்க, எடுங்க. அவ்ளோதான்."

எனக்குக் கை அடங்கவில்லை. அடித்தால் ஓட்டை விழுகிறது, பயந்து தொட்டால் பாதி ரோஜாதான் விழுகிறது. நமக்கு இது சரிப்படாது என்று நான் சாப்பைக் கீழே வைத்தபோது, மிஸ்ஸி என் மணிக்கட்டைப் பிடித்து, "குழந்தைக்கு ஊசி போடுற மாதிரி நினைச்சுக்குங்க" என்று அழுத்திக் காட்டினார். முழு ரோஜா! இதழுக்கு இதழ், காம்பில் முள்ளோடு! ஆனால் மிஸ்ஸி ரோஜாவைப் பார்க்கவில்லை. விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராணியாரே, பல்ஸ் என்னா இப்படி ஓடுது?"

"மாடிப்படி ஏறினேன், மிஸ்ஸி."

"ஏறி ஒரு மணி நேரம் ஆச்சு."

வயதானவர்களுக்கு அடங்க நேரம் ஆகும் என்று சொன்னேன். அது சரியான பதில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மச்சான், இந்தத் தொழிலில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பசை மையில் நட்சத்திரச் சாப்பை ஒற்றி அடித்து, ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் ஒரு மெல்லிய தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, முடி உலர்த்தும் கருவியைப் போன்ற ஒன்றால் சுடு காற்று ஊத வேண்டும். முதலில் ஒன்றும் ஆகாது. தூள் தூளாகவே இருக்கும். நாமும் நம்மைப் போல ஆட்களுக்கு இது வராது என்று முடிவு கட்டியிருப்போம். அப்போது ஓர் ஓரத்தில் தூள் உருகும். உருகிய இடம் ஈரப் பொன் மாதிரி மின்னி, ஓடி, எழும்பி, நட்சத்திரம் முழுக்க மேடாக எழுந்து நிற்கும். விரலால் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே நட்சத்திரம் என்று சொல்லலாம்! எனக்கு முதல் தடவை அது எழுந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து, "எல்சி! இங்க பாரு!" என்று கத்திவிட்டேன். மிஸ்ஸி என்று சொல்ல மறந்துபோனது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் வந்து பார்த்தார், "நல்லா வந்துருக்கு, ஆம்புரோஸ்" என்றார். பிலோமினாவுக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் வரிசை கூப்பிடுகிறவர்கள் மட்டும்தான். இது எண் ஒன்றில் சேராது. சுடு காற்றைப் பற்றிச் சொல்ல வந்தேன், எப்படியோ வந்துவிட்டது.

இரண்டு. தூள் ஜாடியைத் திறக்கும்போது விசிறி ஓடக் கூடாது என்று நூருல் தெளிவாகச் சொல்லியிருந்தது. நான் முறையாகவே நடந்துகொண்டேன். முதலில் விசிறியை நிறுத்தினேன், பிறகு ஜாடியைத் திறந்தேன், எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் விசிறி நின்றதும் மிஸ்ஸிக்கு நெற்றியில் வியர்த்தது. வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி மச்சான் சும்மா உட்கார்ந்திருப்பது? எழுந்து போய் விசிறியைப் போட்டேன். மூன்றாம் எண்ணில் வைத்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரையும் யாருக்கும் தெரியவில்லை. தெளிந்தபோது மாடி முழுக்கத் தங்கம். ஜாடி நடுவில் இருந்ததால் எனக்கு வலது கன்னத்திலும் அவருக்கு இடது கன்னத்திலும் படிந்தது. இது காற்றின் இயல்பு, வேறு விளக்கம் இதற்குத் தேவையில்லை. கீழே தேத்தண்ணீர் குடிக்க இறங்கினோம். அங்கே, மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், மயிலம்மாள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

"என்னா கிராணியாரே, ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்ட பக்கமா மின்னுறீங்க?"

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவசர அவசரமாகத் துடைத்தேன். துடைத்தது மிஸ்ஸியின் கன்னத்தை. என் கன்னத்தை ஏன் முதலில் துடைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் கன்னம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, மச்சான். அவருடையதுதான் தெரிந்தது. மயிலம்மாள் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு ஃபோனை எடுத்ததையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று. இது முழுக்க என் குற்றம், இதில் மிஸ்ஸிக்குப் பங்கு இல்லை. கடையில் வாங்கிய பசை மழைக்காலத்தில் நிற்கவில்லை. ராத்திரி ஒட்டிய ரிப்பன் காலையில் மேசைமேல் கிடக்கும். ஒட்ட ஒட்டக் கழன்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை எனக்கு அடிக்கடி வருவதில்லை, வந்தால் பயந்து விட்டுவிடுவேன், இதை விட்டிருக்கலாம். பக்கத்து நிலத்தில் ஆறுமுகம் இன்னும் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்துப் பால் வெட்டுகிறார். உலகத்திலேயே நல்ல பசை வீட்டுக்குப் பின்னால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்போது நீலாயில் போய்ப் பசை வாங்குகிறோமே என்று ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். ஆறுமுகம் எதற்கு என்று கேட்டார். கிறிஸ்துமஸ் கார்டுக்கு என்றேன். "யாரு மேல கோவம்?" என்று கேட்டுவிட்டு ஊற்றிக் கொடுத்தார்.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். குச்சியால் தொட்டு ரிப்பனில் ஒரு சொட்டு வைத்தேன். ஒட்டியது! தேவதையின் இறக்கை ஒட்டியது, நட்சத்திரம் ஒட்டியது, துணிப்பூ ஒட்டியது. இழுத்தால் அட்டை கிழிகிறதே தவிர ரிப்பன் வரவில்லை. மிஸ்ஸி இழுத்துப் பார்த்துவிட்டு, "கிராணியாரே, இது தையல் போட்ட மாதிரி இருக்கு" என்றார். மிஸ்ஸி வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பாலில் அமோனியா கலந்தால் கெடாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரியும். ஆனால் பாலன் பிறந்த செய்தி சொல்லும் கார்டில் அமோனியா நெடி அடிக்கக் கூடாதே என்று, சுத்தத்தை உத்தேசித்து, அதைச் சேர்க்காமல் விட்டேன். கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, சந்தை வரும்வரை வைத்திருந்தேன். காற்றுப் புகாமல் மூட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் என் யோசனைதான்.

சந்தையன்று உங்களுக்கு இருமல் அதிகம் என்று நீங்கள் வரவில்லை. ஆகவே நடந்ததை நீங்கள் மற்றவர்கள் வாயால்தான் கேட்டிருப்பீர்கள். நான் உள்ளபடி சொல்கிறேன். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தோம், மிஸ்ஸி பூ வைத்தார், நான் டின்னைத் திறந்தேன்.

மச்சான், மங்கில் உறைந்து நாறும் ஒட்டுப்பாலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மோட்டாரில் போயிருக்கிறீர்கள் அல்லவா? அந்த லாரி ஒரு சின்ன டின்னுக்குள் இத்தனை நாளும் காத்திருந்து, மூடியைத் திறந்ததும் கோயில் வளாகத்துக்குள் இறங்கியது. பக்கத்தில் கேக் மேசை போட்டிருந்த பெவர்லி முதலில் தன் செருப்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு புருஷன் செருப்பைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். ஃபாதர் வந்து நின்று, மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பி, "சாக்கடை அடைச்சிருக்கா பாருங்க" என்று இரண்டு பேரை அனுப்பினார். நான் சொல்லியிருக்க வேண்டும். கீழே விழுந்த பேனாவை எடுப்பதுபோல மேசைக்கு அடியில் போனேன். நாற்றம் அங்கேயும் வந்திருந்தது.

மிஸ்ஸி கோபித்துக்கொள்வார், காரில் ஏற்றாமலே போய்விடுவார் என்று நினைத்தேன். மேலே ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மிஸ்ஸி சிரிக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் பல் எத்தனை என்று யாருக்காவது தெரியுமா? நின்று சிரிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கைப்பையிலிருந்து யூகலிப்டஸ் தைலத்தை எடுத்து, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சொட்டு வைத்தார். அது நாற்றத்தைப் போக்கவில்லை. ஒட்டுப்பால் லாரி ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மோதியது போல ஆயிற்று.

"அங்கிள், என் கேக்ல ரப்பர் வாசம் வருது லா!" என்று பெவர்லி வந்துவிட்டாள். கோபத்தில் ஒரு கார்டை எடுத்து ரிப்பனைப் பிய்க்கப் பார்த்தாள். வரவில்லை. புருஷனிடம் கொடுத்தாள். அவர் நகத்தால் சுரண்டினார், பல்லால் கடித்தார், வரவில்லை. அவ்வளவுதான், மிஸ்ஸி நாற்காலியிலிருந்து எழுந்து, வார்டில் கூப்பிடுகிற அதே குரலில், "பாத்தீங்களா? வாசம் ரெண்டு நாள்ல போயிடும். ஆனா எங்க கார்டு பிரியாது! புருஷன் பொண்டாட்டி யாரு வேணும்னாலும் வந்து இழுத்துப் பாருங்க!" என்றார். கூட்டம் கூடிவிட்டது மச்சான்! ஆளுக்கு ஆள் இழுக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் இழுக்கிறார்கள். தோற்றவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். ஒரு வாலிபன் தன் ஆபீஸ் சூப்பர்வைசருக்கு என்று கேட்டு வாங்கி, "நல்லா இறுக்கி மூடிக் குடுங்க அங்கிள், அவரு திறக்கும்போதுதான் முழுசா வரணும்" என்றான். பெவர்லியே கடைசியில் மாமியாருக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். கேக் தீர்வதற்கு முன்னால் எங்கள் டின் காலி! திரும்பி வரும்போது காரின் கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டுக்கொண்டு, மழைச் சாரல் முகத்தில் அடிக்க, சிரித்துக்கொண்டே வந்தோம். மிஸ்ஸி, "அடுத்த வருஷம் நம்ம கார்டு..." என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். "நம்ம" என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டதால் மீதி என் காதில் விழவில்லை.

நான்கு. இந்த எண்ணைத்தான் நான் முதலில் எழுதினேன். மிக உறுதியாக எழுதினேன். பேனா அழுத்தியது தாளின் பின்பக்கம் தெரிகிறது, திருப்பிப் பாருங்கள். இதற்கான ஆதாரங்களைத் தருகிறேன். நான் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறேன். நட்சத்திரம் எழுந்த அந்த ஒரு தடவை கணக்கில் வராது. நாங்கள் பேசுவது எல்லாம் காகிதத்தைப் பற்றியே. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொடங்கிய பேச்சு விளக்கு வைக்கும் நேரம்வரை போனது என்றால், காகிதத்தில் அத்தனை நிறம் இருக்கிறது. மிஸ்ஸிக்குக் கத்தரிப்பூ நிறம் பிடிக்கும் என்று ஒரு தரம் சொன்னார். நான் மறுநாள் மழையில் மோட்டார் எடுத்துக்கொண்டு நீலாய்க்குப் போய் அந்த நிறத்தில் ரிப்பன் வாங்கி வந்து ஒரு கார்டு செய்தேன். அதில் பாலன் இயேசு இல்லை, ஆகவே கிறிஸ்துமஸ் கார்டு இல்லை. பிறந்த நாள் கார்டும் இல்லை. அவர் பிறந்த நாள் மே மாதம், நூருலை விட்டுக் கேட்கச் சொன்னேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. எந்தக் காரணமும் இல்லாத கார்டு என்பதே எனக்கு எந்த நோக்கமும் இல்லை என்பதைக் காட்டும். நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுமே சொல்லாத விஷயத்தில் மயிலம்மாள் எப்படி இவ்வளவு சொல்ல முடியும்?

ஐந்து. வாருங்கள் மச்சான். நீங்கள் கோபமாக வந்தாலும் சரி, பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, சேவல் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாலும் சரி. உங்கள் தலையணையை வெயில் கண்ட அன்றே காயவைத்துவிட்டேன். இஞ்சியும் தேனும் வாங்கி வைத்திருக்கிறேன். பிலோமினாவுக்கு முன்னால் நாம் இருவரும் தோளோடு தோள் நிற்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாலன் இயேசு உங்கள் நெஞ்சுச் சளியைக் கரைத்து, உங்கள் குரலை உங்களுக்கே திருப்பித் தந்து, உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் காக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மயிலம்மாளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் வீட்டுக்குக் கட்டுப்பட்ட,
ஆம்புரோஸ்

பி.கு. எழுதியதை உறையில் போடுமுன் சரிபார்ப்பது என் வழக்கம். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு எண் எண்ணாக அடையாளம் போட்டு வந்தேன். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று மிகவும் சரி. நான்கில் பென்சில் நின்றது. ஐந்துக்குத் தாவி அதற்கு அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மறுபடியும் நின்றது. மேலே உள்ள ஆதாரங்களை வேறொருவர் எழுதி என் மேசைக்கு வந்திருந்தால், "இந்த ஆளுக்குத் தன் நிலைமை இன்னும் தெரியவில்லை" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

முறைப்படி முதலில் உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதத்தான் நினைத்தேன், கால் மோட்டாரிடம் போய்விட்டது. போகுமுன் அந்தக் கத்தரிப்பூ நிறக் கார்டின் உள்ளே பசை மையால் ஒரு வரி எழுதி, தூள் தூவி, சுடு காற்று ஊதினேன். எழுத்து எழுந்தது. "எல்சி, முன் சீட்டில் நான் எப்போதும் உட்காரலாமா?" அவ்வளவுதான் எழுதினேன். மழை, கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். அவர் மேசையில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். விரலால் தடவி இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கார்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதையும் பால்லதான் ஒட்டுனீங்களா?"

"ஆமா, மிஸ்ஸி."

"அமோனியா?"

"போடல."

"அப்ப அடுத்த வாரம் நாறும்."

"நாறும்."

"ஆனா பிரியாது."

"பிரியாது" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கார்டை ஜன்னலோரம், காற்றுப் படுகிற இடத்தில், திறந்து நிறுத்தி வைத்தார். திரும்பி வந்து, "மார்கஸ் அண்ணன் வராம நான் ஒரு பதிலும் சொல்லமாட்டேன் லா. கிறிஸ்துமஸுக்கு பிலோமினா அக்காகிட்ட மூணு பேருமா போய் நிப்போம். அவரு முகத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை மாடிப்படியைச் சொல்ல வழியில்லை, அவர் வீட்டுக்கு மாடி கிடையாது.

ஆகவே மச்சான், நீங்கள் வந்தால்தான் எனக்குப் பதில். சேவல் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும், மூன்று பேர். எல்லாம் நல்லபடி அமைந்தால் ஜனவரியில் ஃபாதர் மூன்று ஞாயிறு எங்களுக்குக் கல்யாண ஓலை வாசிப்பார். நீங்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்துவார், கோயிலே மூச்சுவிடாமல் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் தயவுசெய்து இருமிவிடாதீர்கள். ஃபாதருக்குக் காது மந்தம், உங்கள் இருமலை அவர் ஆட்சேபம் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு எழுந்து விளக்கம் சொல்லத் தைரியம் வராது.

நான்காம் எண் தவறு. மற்ற நான்கும் சரி.

ஆ.